யார் கண்ணுக்கு நல்ல படம்?



போன பொங்கலுக்கு என் செல்போனில் அம்மாவைப் படம் எடுத்தேன். வயல் வேலையில் கறுத்த முகம். காட்டியதும், "யாருடா இது, மாவு பூசின மாதிரி?" என்று அம்மா கேட்டுச்சு. போன் தானாகவே முகத்தை வெளுப்பாக்கி, சுருக்கங்களையும் அழித்திருந்தது. இதுதான் நல்ல படம் என்று அந்தப் போனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

படத்தின் தரத்தை அளக்க நெடுநாளாக இருந்த வழி வெறும் கணக்குதான். மூலப்படத்துக்கும் மாறிய படத்துக்கும் புள்ளிக்குப் புள்ளி வித்தியாசம் எடுத்து, வர்க்கப்படுத்தி, சராசரி காண்பார்கள். நம் கண் அப்படிக் கணக்குப் போடுவதில்லையே! சற்று வெளிச்சம் கூட்டிய படமும், கட்டம் கட்டமாகச் சிதைந்த படமும் அந்தக் கணக்கில் ஒரே மதிப்பு வாங்கலாம். இந்தக் குறையைப் போக்கவே 2004-ல் வாங், போவிக், ஷேக், சிமோன்செல்லி ஆகிய நால்வரும் எஸ்.எஸ்.ஐ.எம். என்ற அளவுகோலைத் தந்தார்கள். அது வெளிச்சம், கான்ட்ராஸ்ட், உருவமைப்பு மூன்றையும் ஒப்பிடுகிறது.

ஆனாலும் கடைசித் தீர்ப்பு மனிதர் கையில்தான். ஆட்களுக்குப் படம் காட்டி 1 முதல் 5 வரை மார்க் போடச் சொல்வார்கள். அந்தச் சராசரியை முன்கூட்டியே கணிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்குவார்கள். இங்கேதான் என் கேள்வி: மார்க் போட்டவர்கள் யார்? எங்கே உட்கார்ந்து போட்டார்கள்? நிழலான அறையில் பார்ப்பவர் வேறு. உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டில், கீறல் விழுந்த திரையில் பார்ப்பவர் வேறு அல்லவா?

இது புதுப் பிரச்சினையும் அல்ல. பிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி அனுப்பிய 'ஷெர்லி அட்டை'யில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணின் நிறத்தை வைத்தே லேபில் கலர் சரிபார்த்தார்கள். 2022-ல்தான் கூகுள், எல்லிஸ் மாங்க் வகுத்த பத்துத் தோல் நிறங்கள் கொண்ட அளவுகோலை வெளியிட்டது. மாற்ற முடியும் என்பதற்கு இது சாட்சி.

எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். நமக்கெதுக்கு இந்த ஆராய்ச்சி என்று ஒதுங்க மனசு வரவில்லை. இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு ஊருக்கு இருபது பேரைப் பிடிப்போம். வெயிலிலும் நிழலிலும் படம் காட்டி மார்க் வாங்குவோம். கம்ப்யூட்டர் போட்ட மார்க்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். செலவு அதிகமில்லை.

முதல் மார்க் எங்க அம்மா போடட்டும்!

- மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் துறை