நறுக்கிய டிரம்பெட்டுக்கு யார் சொந்தம்?

டாஃப்ட் பங்க் இரட்டையரின் ‘ஒன் மோர் டைம்’ (2000) ஆரம்பத்திலேயே ஒரு டிரம்பெட் துள்ளுமே, அது ஸ்டூடியோவில் புதுசா வாசிச்சது இல்லை. 1979-இல் எடி ஜான்ஸ் பாடிய டிஸ்கோ பாட்டிலிருந்து எடுத்த துண்டுகள். அவற்றைப் பொடிப்பொடியாக நறுக்கி, வரிசை மாற்றி அடுக்கினார்கள். கீழே சீரான கிக் டிரம். மேலே ரோமந்தனியின் ஆட்டோ-டியூன் குரல். நடுவில் பீட்டையே நிறுத்திவிட்டு நீண்ட நேரம் குரலை ஓடவிடுவது, டான்ஸ் பாட்டுக்கு ரொம்பத் துணிச்சல்.

இதை ‘காப்பி’ன்னு ஒதுக்க முடியாது. பழைய பாட்டைக் கேட்டவர்களுக்கே சட்டென்று பிடிபடாத வேலை. ஆனால் சாம்பிளுக்கான பணம் பாட்டின் உரிமையை வைத்திருந்த நிறுவனத்துக்குப் போனது. தனக்கு எதுவும் வரவில்லை என்று ஜான்ஸ் 2021-இல் சொன்னார். ஒப்பந்தப்படி இரட்டையர் மேல் தப்பில்லை. ஆல்பம் அட்டையில் அவர் பெயரையாவது போட்டிருக்கலாம், அதுக்குச் செலவே கிடையாதே!