பங்காளி இருந்தால் போதுமா?

‘மாமன் மச்சான், பங்காளி என்று ஆள் நிறைந்த கொங்கு நாட்டுக்குக் கவுன்சிலிங் எதற்கு? மிஞ்சினால் ஒரு லைஃப் கோச் போதும்’ என்கிறார்கள். இதை ஏற்க முடியாது.

ஆள் நிறைந்திருப்பதுதான் பல வீடுகளில் சிக்கலே. தாராபுரத்தில் ஒரு பெண் மனச்சோர்வு மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பெயரில்லாத டப்பாவில் போட்டு, அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறார். விஷயம் வெளியே தெரிந்தால் நாத்தனாருக்கு வரும் வரன் தட்டிப்போகும் என்ற பயம். அவர் எந்தப் பங்காளியிடம் மனம் திறப்பார்? சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க 2017 மனநலச் சட்டம் உரிமை தருகிறது. சொந்தக்காரர் வாயைக் கட்ட எந்தச் சட்டமும் இல்லை.

கோச் என்ற பலகையை இங்கே யாரும் மாட்டலாம், தடுப்பாரில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள், அது மரியாதைக் குறைவல்ல. தொழிலைப் பெருக்க கோச் உதவலாம். தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், சாவு நினைப்பில் தவிப்பவரிடம் ‘பாசிட்டிவா யோசிங்க’ என்பது கொடுமை. அவருக்கு வேண்டியது மனநல மருத்துவர்.

கோவைக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏற முடியாதவர்கள் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் அது. கட்டணமில்லை, நடுராத்திரியிலும் தமிழிலேயே பேசலாம், தேவையானால் மருத்துவரிடம் இணைப்பார்கள். முதல் ஆலோசகரிடம் மனசு ஒட்டவில்லையா, வேறொருவரைப் பாருங்கள். செலவுக்குத் தயங்குபவர்கள் காப்பீட்டு பாலிசியை எடுத்துப் பார்க்கட்டும்: உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு.