நிலக்கரி கொட்டிக் கிடக்கு... பிறகு ஏன் இறக்குமதி?

இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி 2024-25ஆம் நிதியாண்டில் 100 கோடி டன்னைத் தாண்டியது. அதே ஆண்டில், எஃகு ஆலைகளுக்காக மட்டும் 5 கோடி டன்னுக்கு மேல் கரி கப்பலில் வந்து இறங்கியது. பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து. ‘இவ்வளவு தோண்டியும் பத்தலையா?’ என்று கேட்கத் தோன்றும். அளவு பத்தும், பதம்தான் பத்தவில்லை.

கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சியவர்களுக்கு இந்தப் பதம் புரியும். எஃகுக்கான கரியும் சூட்டில் இளகி, பொங்கி, பிறகு ஒரே கட்டியாக இறுக வேண்டும். எல்லாக் கரியும் அப்படி இளகுவதில்லை. இளகும் ரகத்துக்குத்தான் கோக்கிங் கரி என்று பெயர்.

இந்தக் கரியைப் பொடித்து, காற்று புகாத அடுப்பில் சூடாக்குகிறார்கள். காற்று இல்லாததால் அது எரியாது. 350 முதல் 400 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, கரிக்குள் இருக்கும் பெரிய மூலக்கூறுகளின் பிணைப்புகள் அறுபடத் தொடங்கும். அறுந்த முனைகளில் கரியிலேயே இருக்கும் ஹைட்ரஜன் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் துண்டுகள் உடனே மறுபடி பிணையாமல், கொஞ்ச நேரம் வழுக்கி நகரும். கல்லாக இருந்தது களியாகிறது.

உள்ளே உருவாகும் வாயு வெளியேற வழியின்றி களியை உப்ப வைக்கும். தாரும் எரிவாயுவும் பிரிந்து போகும். 500 டிகிரி வாக்கில் மீதமுள்ளவை மீண்டும் பிணைந்து இறுகிவிடும். பிறகு 1,000 டிகிரி வரை சூடேற்றினால் கிடைப்பது கோக் எனும் கல்கரி. துளைகள் நிறைந்தது, ஆனால் கெட்டியானது. மொத்த வேலைக்கும் வழக்கமாக 15 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் கரி இளகி நிற்கும் இடைவெளி சுமார் 100 டிகிரிதான்.

அந்தக் கெட்டித்தன்மைக்குத்தான் விலை. ஊது உலையில் கோக் வெறும் எரிபொருள் இல்லை. மேலே குவிந்திருக்கும் இரும்புத் தாதுவின் பாரத்தைத் தாங்க வேண்டும். துண்டுகளுக்கு இடையே சூடான காற்று மேலேறவும் வழிவிட வேண்டும். அது நொறுங்கித் தூளானால் உலை மூச்சுத் திணறும்.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி இதற்கு உதவாது. அதில் ஆக்சிஜன் அதிகம். அறுந்த துண்டுகள் இளகுவதற்கு முன்பே ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் எரிந்த ‘லெகோ’ கூட, நெய்வேலிக் கரியை முதலில் அழுத்திக் கட்டியாக்கி, அதற்குப் பிறகு சுட்டு எடுத்ததுதான்.

அப்படியானால் இந்தியாவில் இளகும் கரியே இல்லையா? இருக்கிறது. ஜார்க்கண்டின் ஜரியாவில் முதல் தரமே உண்டு. எஃகுக்காகப் பாதுகாக்க வேண்டும் என்றுதான் 1970களின் தொடக்கத்தில், மற்ற சுரங்கங்களுக்கு முன்பாகவே கோக்கிங் கரிச் சுரங்கங்கள் தேசியமயமாக்கப்பட்டன. ஆனால் அங்கே கிடைக்கும் கரியில் கணிசமான பங்கு இன்றும் அனல் மின் நிலையக் கொதிகலன்களில் எரிகிறது. நெல் விதையைக் கோழிக்குப் போடுகிற கதைதான்.

காரணம் சாம்பல். இந்தியக் கரியில் மண்ணும் கல்துகளும் மிக நுணுக்கமாகக் கலந்திருக்கும். அவை இளகாது, கோக்கை பலவீனமாக்கும், உலையில் கசடாகச் சேரும். கரியை நன்றாகக் கழுவிப் பிரிக்க வேண்டும். அதற்கு நல்ல சுத்திகரிப்பு ஆலைகள் வேண்டும். இருப்பவை போதவில்லை, பலவும் பழசு. கழுவினால் எடை குறையும், செலவு ஏறும். கொதிகலனோ எதையும் கேட்காமல் வாங்கிக்கொள்கிறது. சுரங்கத்துக்கு அது சுலபமான வழி.

2029-30க்குள் 14 கோடி டன் கோக்கிங் கரியைத் தோண்டுவது மத்திய அரசின் இலக்கு. தோண்டலாம். ஆனால் வெட்டிய கரியின் டன்னை எண்ணினால் போதாது. கழுவி எஃகு ஆலைக்குப் போன டன்னைத்தான் இலக்காக வைக்க வேண்டும். கழுவும் ஆலைக்குப் பணம் ஒதுக்காமல் சுரங்கத்தை மட்டும் விரிவாக்கினால், கூடுதல் கரியும் கொதிகலனுக்கே போகும். வெட்டிய கரியைத் திறந்தவெளியில் குவித்து வைத்துக் காத்திருக்கவும் முடியாது. காற்றுப் பட்டு ஆக்சிஜன் ஏற ஏற, இளகும் குணமே அதைவிட்டுப் போய்விடும்.