மாணவனுக்கு அபிப்பிராயம் கூடாதா?

“மாணவன் படிக்கட்டும். அபிப்பிராயம் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள்.”

இந்த உபதேசத்தைக் கேட்காத மாணவன் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. பள்ளி ஆண்டு விழாவுக்கு வரும் பிரமுகர் சொல்கிறார், தலைமையாசிரியர் சொல்கிறார், வீட்டில் தகப்பனாரும் சொல்கிறார். ஆனால் மந்திரி வருகிறார் என்றால் இதே மாணவனை வெய்யிலில் வரிசையாக நிற்கவைத்துக் கொடியசைக்கச் சொல்ல எவரும் தயங்குவதில்லை. அப்போது படிப்புக் கெடாதாம்! கொடியசைக்க வயது போதும். ஏன் அசைக்க வேண்டும் என்று கேட்கத்தான் வயது போதாது!

ஐக்கிய நாடுகள் சபை 1989ல் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது. பதினெட்டு வயது வரை அது செல்லும். தன்னைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் அபிப்பிராயம் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் பக்குவத்துக்கும் தக்கபடி அதை மதிக்க வேண்டும் என்கிறது 12வது ஷரத்து. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது 31வது ஷரத்து. 1992ல் இந்திய சர்க்காரும் இதை ஏற்றுக்கொண்டது. ஆக, அபிப்பிராயமும் பொழுதுபோக்கும் பிள்ளைகளுக்கு நாம் போடும் பிச்சையல்ல. காகிதத்தில் இது இருக்கிறது. நெய்வேலியில் இருக்கிறதா?

நெய்வேலியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு தோண்டும்போது கரிய துகள்கள் வந்தன. 1956ல் நிலக்கரிக் கார்ப்பரேஷன் பிறந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கிவைத்தார். 1961ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962ல் சோவியத் உதவியுடன் அனல் மின்நிலையம் ஓடத் துவங்கிற்று. சுற்றுப்புறக் கிராமத்து ஜனங்கள் வீட்டையும் வயலையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த மண்ணின் ஒரு பகுதியில்தான் நகரியம் எழுந்தது. வட்டம் வட்டமாக வீடுகள், அகலமான சாலைகள், சாலையெங்கும் மரங்கள், பள்ளிக்கூடங்கள், மைதானங்கள், ஆஸ்பத்திரி. தொழிலாளியின் பிள்ளை எங்கே படிப்பான், எங்கே விளையாடுவான் என்பதை முன்கூட்டியே யோசித்துக் கட்டிய ஊர் இந்தியாவில் எத்தனை உண்டு? சர்க்கார் துறை என்றால் மூக்கைச் சுளிக்கும் கனவான்கள் ஒரு மாலை நேரம் இங்கே வந்து நடந்து பார்க்கட்டும்.

அந்த முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு இருந்தது. கிரிக்கெட் ஆடினார்கள், தபால் தலை சேர்த்தார்கள், பாட்டுப் படித்தார்கள். ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சுமக்கும் சங்கீத வித்வான் நெய்வேலி சந்தானகோபாலனை நாடறியும். 1998ல் துவங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சியில், உண்டியலை உடைத்து எடுத்து வந்த சில்லறையை எண்ணிக் கொடுத்துப் புத்தகம் வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பிள்ளைகளெல்லாம் பிறவி மேதைகளா? இல்லை. தகப்பனுக்கு நிரந்தர வேலை, எட்டு மணி நேர ஷிப்டு, மாதம் பிறந்தால் சம்பளம், குவார்ட்டர்சில் ஒரு தனி அறை, வாசலில் மைதானம். பொழுது இருந்தால்தானே போக்குவதற்கு!

இன்று அதே சுரங்கத்தில், அனல் மின்நிலையங்களில், காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். 1-7-2020 அன்று இரண்டாவது அனல் மின்நிலையத்தில் பாய்லர் வெடித்து ஆறு பேர் அங்கேயே மாண்டார்களே, அந்த நெருப்பு ‘நீ பர்மனெண்டா, காண்ட்ராக்டா’ என்று கேட்டுவிட்டா சுட்டது? ஆனால் சம்பளம் கேட்கிறது. குவார்ட்டர்ஸ் கேட்கிறது. ஆகவே காண்ட்ராக்ட் தொழிலாளிகளில் மிகப்பலர் நகரியத்துக்கு வெளியே, மந்தாரக்குப்பத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் குடியிருக்கிறார்கள்.

அப்படி ஒரு வீட்டுக்கு நான் பத்திரிகை போடுவது வழக்கம். அந்த வீட்டுப் பையன் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் ஒரு பாரம் கொடுத்திருந்தார்கள். ‘உனது பொழுதுபோக்கு என்ன?’ என்று அதில் ஒரு கேள்வி. ‘புத்தகம் வாசித்தல்’ என்று எழுதிக்கொண்டிருந்தான்.

“என்ன புத்தகம் தம்பி வாசிக்கிறாய்?” என்றேன்.

“ஒண்ணும் கிடையாது மாமா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க” என்றான்.

நேரம் எங்கே இருக்கிறது? காலையில் தண்ணீர் பிடிக்க வேண்டும். தகப்பனார் இரவு ஷிப்டு முடிந்து வந்து படுத்தால், ஒற்றை அறை வீட்டில் உரக்கப் படிக்கவும் கூடாது. கலியாண நாட்களில் மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறான்; அந்தக் கூலியில்தான் நோட்டுப் புத்தகம் வாங்குகிறான். இவனைப் போன்றவர்களைப் பார்த்துத்தான் ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனே கதி என்று கிடக்கிறார்கள்’ என்று பெரியவர்கள் அங்கலாய்க்கிறார்கள். நடந்து போகும் தூரத்தில் மைதானமில்லை, வாசகசாலை இல்லை. கைக்குள் அடங்கும் அந்த ஒரு மைதானத்தையும் பிடுங்க வேண்டும் என்கிறீர்களா?

ஆனாலும் இந்தப் பையனுக்கு ஒரு பொழுதுபோக்கு இருக்கத்தான் செய்தது. பாரத்தில் எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பரணில் ஒரு டப்பா. ஈரத்துணி சுற்றிய பழுப்பு நிலக்கரித் துண்டுகள். ஈரம் காய்ந்தால் கரி வெடித்து உதிர்ந்துவிடும் என்பதால் துணியை நனைத்து நனைத்து வைக்கிறான். தோண்டியெடுக்கும் நெய்வேலிக் கரியில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான்; இதைப் பையன் புத்தகத்தில் படிக்கவில்லை, துணியைத் தொட்டுத் தெரிந்துகொண்டான். ஒரு துண்டில் மரத்தின் ரேகை அப்படியே ஓடுகிறது. இன்னொன்றில் மஞ்சளாக ஒரு பொட்டு; அந்த மரத்தின் பிசினாம். “இது மரமா இருந்தப்போ மனுஷனே கிடையாது மாமா” என்கிறான். விழுப்புரம் ஜில்லா திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைப் பார்க்க வேண்டுமாம். ஒரு மரம் இங்கே ஏன் கரியாயிற்று, அங்கே ஏன் கல்லாயிற்று? இதை வகுப்பில் கேட்டானாம். “பரீட்சைக்கு வராது, உட்கார்” என்று பதில் வந்ததாம்.

ஆசிரியரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தேர்ச்சி விகிதம் என்ற சாட்டை அவர் முதுகின் மேலேயும் தொங்குகிறது. பிளஸ் டூ மார்க்குக்காகப் பிள்ளையைப் பிழிந்தார்கள். பிறகு அந்த மார்க்கே செல்லாது, ‘நீட்’ எழுது என்றார்கள். நமக்கு அடுத்த அரியலூர் ஜில்லாவில் குழுமூர் அனிதா, சுமைத் தொழிலாளியின் மகள், 1200க்கு 1176 வாங்கினாள். தனக்கென்று ஓர் அபிப்பிராயம் வைத்திருந்தாள். அதை சுப்ரீம் கோர்ட்டு வரை கொண்டுபோய்ச் சொன்னாள். கேட்பாரில்லை. 2017 செப்டம்பர் 1ம் தேதி அந்தப் பெண்ணை இழந்தோம். 2020ல் மருத்துவக் கல்லூரிகளில் சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கப்பட்டதே, அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட பிள்ளைகளின் குரல் இருக்கிறது. மாணவர்கள் அபிப்பிராயம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

இன்னொரு வேடிக்கை. ஸ்வீடன் தேசத்தில் கிரேட்டா துன்பெர்க் என்ற பதினைந்து வயதுப் பெண் 2018ல் பள்ளிக்கூடம் போகாமல் பார்லிமெண்ட் வாசலில் உட்கார்ந்தாள். நமது பெரிய பத்திரிகைகள் படம் போட்டுப் புகழ்ந்தன. போடட்டும், நல்ல காரியந்தான். அதே 2018 மே மாதம் தூத்துக்குடியில், புகை வேண்டாம், நல்ல காற்று வேண்டும் என்று ஊர்வலம் போன ஸ்னோலின், பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்தவள், போலீஸ் குண்டுக்கு இரையானாள். தூரத்துப் பிள்ளையின் அபிப்பிராயம் என்றால் இனிக்கிறது!

மீண்டும் நம் பையனிடம் வருவோம். அவனுக்கு இருக்கும் அபிப்பிராயங்கள் எல்லாம் எனக்கு உவப்பானவை அல்ல. “வடநாட்டுக்காரன் வந்து நம்ம வேலையைப் பிடுங்கிட்டான் மாமா” என்றான். 2022ல் எஞ்சினீயர் வேலைகளுக்கு ஆள் எடுத்தபோது தமிழ்நாட்டு வாலிபர்களுக்கு ஏறக்குறைய இடமே இல்லை என்று எழுந்த கூக்குரல் அவன் காதில் இருக்கிறது. அது நியாயமான கூக்குரல். நிலம் கொடுத்த ஊரின் பிள்ளைக்கு வேலையில் பங்கு வேண்டும். ஆனால் மூட்டை முடிச்சோடு வந்து, தகரக் கொட்டகையில் படுத்து, உன் அப்பா வாங்கும் கூலிக்கும் குறைத்து வாங்குகிறானே பீகார்க்காரன், அவனா பிடுங்கினான்? அவனை அழைத்துவந்த காண்ட்ராக்டர் எந்த பாஷை பேசுகிறார் என்று போய்க் கேள் என்றேன். பையன் சும்மா இருந்தான். ஒப்புக்கொண்டான் என்று சொல்ல மாட்டேன்; யோசிக்கிறான். அபிப்பிராயமே சொல்லக் கூடாது என்று வாயை அடைத்திருந்தால் இந்த யோசனைக்கும் இடமில்லாமல் போயிருக்கும். தப்பான அபிப்பிராயம் மனதுக்குள் பூட்டிக் கிடந்தால் அங்கேயே விஷமாகும்.

அப்புறம் அவன் என்னைக் கேட்டான். “சுரங்கம் வேணுமா வேணாமா மாமா? ஒண்ணைச் சொல்லுங்க.”

2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விடும் பருவத்து நெற்பயிருக்குள் ராட்சத எந்திரங்களை இறக்கி வாய்க்கால் வெட்டியதை அவன் வயதுப் பிள்ளைகள் வரப்பில் நின்று பார்த்தார்கள். நிலம் முன்பே எடுத்தாயிற்று என்றது நிர்வாகம். எடுத்த நிலத்தில் விதைத்தது தெரியுமே, அறுக்கும் வரை பொறுக்க முடியாதா என்று நாடே கேட்டது. பயிருக்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லி ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. கரிக்கு அடியில் ஊற்று நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொள்ளும். ஆகவே இறைக்கிறார்கள். எங்கள் கிணறு வற்றுகிறதே என்கிறார்கள் கரிவெட்டி, கத்தாழை, மும்முடிச்சோழகன் ஜனங்கள்.

சுரங்கம் தேசத்தின் சொத்து என்றேன். 2006ல் மத்திய சர்க்கார் இதன் பங்குகளை விற்கத் துணிந்தபோது நெய்வேலித் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்தான், தமிழ்நாடே எதிர்த்தது, விற்பனை நின்றது. 2013ல் மறுபடியும் விற்க வந்தார்கள், மறுபடியும் போராட்டம். கடைசியில் தனியார் கைக்குப் போகாமல் தமிழ்நாடு சர்க்காரின் ஸ்தாபனங்களே அந்தப் பங்குகளில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டன. இதையெல்லாம் சொன்னேன்.

“சரி. தேசத்தோட சொத்துன்னா, அதுல எங்கப்பா யாரு?” என்றான்.

இதுவல்லவா கேள்வி! ‘நான் பிரதமரானால்’ என்று மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பேச்சுப் போட்டி மேடையில் இந்தக் கேள்வி வராது. இந்தக் கேள்வியை நிர்வாகம் மட்டுமல்ல, நிரந்தரத் தொழிலாளர் சங்கங்களும் கேட்டாக வேண்டும். சம்பள ஒப்பந்தம் பேசும் மேஜையில், எத்தனை சதவீதம் என்று பேசுவதற்கு முன்னால், இந்தப் பையனின் கேள்வியை வைத்துப் பேசட்டும்.

அவனுடைய இன்னொரு கேள்வி இதைவிடப் பெரியது. 1962ல் ஓடத் துவங்கிய முதல் அனல் மின்நிலையம் 2020 செப்டம்பரில் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. 2070க்குள் புகைக் கணக்கைப் பூஜ்யமாக்குவோம் என்று இந்தியா 2021ல் உலக நாடுகளின் சபையில் சொல்லியிருக்கிறது. “அப்போ கரியை நிறுத்திட்டா நெய்வேலி என்ன ஆகும் மாமா? நாங்க எங்கே போவோம்?” இதற்கு வயதான யாரும் அவசரப்பட மாட்டார்கள், அன்றைக்கு அவர்கள் இருக்கப்போவதில்லை. பதினாறு வயதுக்காரன் அவசரப்படுகிறான். சுரங்கம் மூடினால் தொழிலாளிக்கு மாற்று வேலை என்ன, தோண்டிய குழி என்ன ஆகும், நிலம் யாருக்குத் திரும்பும் என்பதைப் பேசுவதற்கு முதல் உரிமை அவனுக்குத்தான்.

உடனே செய்யக்கூடிய சிறு காரியங்கள் உண்டு. நகரியத்து மைதானங்களிலும் வாசகசாலைகளிலும் காண்ட்ராக்ட் தொழிலாளியின் பிள்ளைக்கும் நிலம் கொடுத்த கிராமத்துப் பிள்ளைக்கும் சரிசமமான இடம் வேண்டும். மாலையில் அவர்கள் வந்துபோக நிர்வாகம் பஸ் விட வேண்டும். தொழிலாளர் குடியிருப்பு உள்ள கிராமங்களில் சங்கங்கள் ஆளுக்கொரு வாசகசாலை திறக்கலாம். அதற்கு எந்த மந்திரியின் உத்தரவும் தேவையில்லை. சுரங்கத்தில் நிலவியல் அதிகாரிகள் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகளை, நகரியப் பள்ளி, கிராமத்துப் பள்ளி என்று பிரிக்காமல், சுரங்கத்துக்கு அழைத்துப் போகட்டும். கரியில் ஓடும் மர ரேகையைக் காட்டட்டும். தண்ணீர் இறைக்கும் பம்புகளையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கரிவெட்டிப் பிள்ளைகள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.