சத்துமாவோடு ஒரு கதைப் புத்தகமும்

நான் வேலை செய்யும் கிராமங்களில் நூலகம் ஊர்த்தெருவில் இருக்கிறது. அங்கன்வாடி சேரியில் இருக்கிறது. நூலகத்துக்குள் நுழையத் தயங்கும் அம்மா, சத்துமாவு வாங்க அங்கன்வாடிக்குத் தவறாமல் வருகிறார். அப்படியானால் புத்தகம்தான் அவரைத் தேடி வர வேண்டும்.

இது சலுகை அல்ல. 1948 பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது, சேரியும் கட்டுகிறது. 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு வந்த நூலகங்கள் பல இடங்களில் பூட்டிக் கிடக்கின்றன.

"படிக்கத் தெரியாத தாய்க்குப் புத்தகம் எதற்கு?" என்பார்கள். படத்தைக் காட்டிக் கதை சொல்ல எழுத்து தேவையில்லை; பிள்ளைக்குப் படிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

தோழர்களே, அடுத்த கிராமசபையில் தீர்மானம் வையுங்கள்: சத்துமாவு கொடுக்கும் நாளில் நூலகத்தின் புத்தகப் பெட்டியும் அங்கன்வாடிக்கு வரட்டும்.