பிழையை விழுங்கும் மென்பொருள் நமக்கு வேண்டாம்



நம்ம ஊர்ப் பிள்ளைகள் இப்போது பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் சகாத் நிதியத்துக்கும் மென்பொருள் செய்து கொடுக்கிறார்கள். மாஷா அல்லாஹ். ஆனால் அந்த நிரல்களைத் திறந்து பார்க்கும் ஐசிடி ஆசிரியர்களாகிய நாங்கள் கொஞ்சம் காரமாகவே பேச வேண்டியிருக்கிறது. எங்கே பார்த்தாலும் "எக்செப்ட், பாஸ்". அதாவது எந்தப் பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் போ என்று பைதனுக்கு உத்தரவு!

சகாத் தொகையொன்று பதிவாகாமல் போனாலும் திரையில் "சேமிக்கப்பட்டது" என்றுதான் வரும். கணினிக்குத் தெரிந்த பிழை கணக்குப் பிள்ளைக்குத் தெரியாது. அது அமானிதப் பணம்.

"பெரிய மென்பொருள்களே அப்படித்தானே" என்கிறார்கள். இருந்தன, உண்மை. மைஎஸ்கியூஎல் முன்பு நீளமான பெயரை வெட்டிச் சேமித்துவிட்டு ஓர் எச்சரிக்கையோடு நின்றுவிடும். தமிழ் எழுத்தை ஏற்காத இடத்தில் தமிழ்ப் பெயரைப் போட்டால் வெறும் கேள்விக்குறிகள். 2015 இல் வந்த 5.7 பதிப்பில் கடுமையான முறை இயல்புநிலை ஆனது. பிஎச்பியின் மைஎஸ்கியூஎல்ஐ நூலகமும் 2021 இல், 8.1 பதிப்போடு, வாய் திறந்து எக்செப்ஷன் எழுப்பத் தொடங்கியது. அவர்கள் திருந்திவிட்டார்கள். நம்மவர்கள் அந்தச் சத்தத்தையும் அடக்குகிறார்கள்.

நாலு பேர் எடுத்துப் பாவிக்கும் நூலகத்தை எழுதுகிறவருக்கு இன்னும் பொறுப்பு அதிகம். சொன்ன வேலையைச் செய்ய முடியாவிட்டால் எக்செப்ஷன். செய்தாயிற்று, ஆனால் பிறகு சிக்கல் வரலாம் என்றால் வார்னிங். தானாகவே முழு நிரலையும் நிறுத்துவது, விருந்துக்கு வந்தவர் வீட்டு மெயின் சுவிட்சை அணைப்பது போல. நிறுத்துவதா தொடர்வதா என்பதை அழைத்த நிரல்தான் தீர்மானிக்க வேண்டும். செய்தியிலும் "பிழை ஏற்பட்டது" என்று மொட்டையாக எழுதாமல், எதை எதிர்பார்த்தோம், எது வந்தது என்று எழுதுங்கள்.

பாவனையாளர் பயந்துவிடுவாராம். அவருக்கு முழு விபரத்தையும் காட்டச் சொல்லவில்லையே! பைதனே, கைவிடப்படப்போகும் வசதிகள் பற்றிய எச்சரிக்கையை நேரடியாக ஓடும் பிரதான நிரலில் மட்டும்தான் இயல்பாகக் காட்டுகிறது. உள்ளே இருக்கும் நூலகங்களில் மறைத்துவிடுகிறது. திருத்தக்கூடியவருக்குத்தான் அந்தச் செய்தி. பாவனையாளருக்கு "பதிவாகவில்லை" என்ற ஒரு வரி போதும், ஆனால் அது வர வேண்டும்.

நிர்வாக சபையினருக்கு ஒரு வேண்டுகோள். மென்பொருளைப் பொறுப்பேற்க முன், தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு ஒரு தொகையைச் சேமித்துக் காட்டச் சொல்லுங்கள். "வெற்றி" என்று வந்தால் காசைக் கொடுக்காதீர்கள்.