அடிச்சட்டி எண்ணெய்க்கும் விலை வேண்டும்

மாலை நான்கு மணிக்கு டீக்கடையில் அடுப்பு எரியத் தொடங்கும்போது வாணலியில் கிடப்பது பெரும்பாலும் நேற்றைய எண்ணெய்தான். மட்டம் இறங்கினால் மாஸ்டர் ஒரு பாக்கெட்டைக் கத்தரித்து அதன் தலையிலேயே புதிதை ஊற்றிக்கொள்கிறார். வாழைக்காய் பஜ்ஜி உள்ளே விழுந்ததும் பொங்கும் நுரை அடங்க மறுக்கிறது. நிறம் டிகாக்‌ஷனை ஒத்திருக்கிறது, பக்கத்தில் நின்றால் கண் எரிகிறது. அந்த நேற்றைய எண்ணெயும் அங்கேயே பிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. பெரிய கடை ஒன்று இரண்டு நாள் பொரித்து முடித்து, டின்னில் அடைத்து, பாதி விலைக்குத் தள்ளிவிட்டதாகவும் இருக்கலாம்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருட்களை மொத்தமாக ‘துருவச் சேர்மங்கள்’ என்று அளக்கிறார்கள். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. உயர் ரத்த அழுத்தம், ரத்தநாளத் தடிப்பு, கல்லீரல் கோளாறு ஆகியவற்றோடு இத்தகைய எண்ணெய்க்குத் தொடர்புண்டு என்று எச்சரித்து, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதே ஆண்டு ‘ரூகோ’ திட்டத்தையும் அறிவித்தது. பழைய எண்ணெயைக் கடைகளிலிருந்து திரட்டி பயோடீசலாக்குவதே அதன் நோக்கம். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவிடும் நிறுவனங்கள் 2019 மார்ச் 1 முதல் பதிவேடு வைத்து, அங்கீகாரம் பெற்ற முகவர்களிடம் மட்டுமே பழைய எண்ணெயைக் கொடுக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் 100 நகரங்களில் இந்த பயோடீசலை வாங்க முன்வந்தன. முதலாண்டில் லிட்டருக்கு 51 ரூபாய், அடுத்து 52.70, மூன்றாமாண்டில் 54.50 என்று விலையும் சொன்னார்கள்.

ஆனாலும் 2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலப்பது என்ற தேசிய இலக்குக்கு எதிரே, நாம் இன்னும் ஒரு சதவீதத்தைத் தாண்டவில்லை. ஒவ்வோர் ஆகஸ்ட் 10 அன்றும் உலக உயிரி எரிபொருள் தினம் என்று மேடை போட்டு, கடலை எண்ணெயில் ஓடிய டீசல் எஞ்சினின் கதையை நினைவுகூர்வதில் மட்டும் குறை வைப்பதில்லை.

கோளாறு எங்கே? 50 லிட்டர் என்றால் நாளுக்கு மூன்று டின். நட்சத்திர ஓட்டலும் சிப்ஸ் கம்பெனியும் இந்த வரம்புக்குள் வரும். நாம் முதலில் பார்த்த டீக்கடை வராது. ஆக, ஓரளவு சுத்தமான எண்ணெயை வைத்திருப்பவருக்குப் பதிவேடும் முகவரும் உண்டு. மிக மோசமான எண்ணெயை வைத்திருப்பவரைத் தேடி யாரும் வருவதில்லை. வந்தாலும் முகம் சுளித்துத் திரும்புவார்கள் என்பது இன்னும் பெரிய சிக்கல்.

காரணம் ரசாயனத்தில் இருக்கிறது. எண்ணெயோடு மெத்தனாலைச் சேர்த்து, காஸ்டிக் சோடா போன்ற காரத்தை வினையூக்கியாக இட்டு, 60 டிகிரிச் சூட்டில் கலக்குவதே பயோடீசல் தயாரிக்கும் வழக்கமான முறை. நூறு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 11 கிலோ மெத்தனால் செலவாகும். பயோடீசலோடு கிளிசரின் உபரியாகக் கிடைக்கும். எண்ணெய் நல்லதாக இருந்தால் ஓரிரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பலநாள் பொரித்த எண்ணெயில் கொழுப்பு அமிலங்கள் பிரிந்து தனியே மிதக்கும், உணவிலிருந்து இறங்கிய ஈரமும் இருக்கும். அந்த அமிலம் ஒரு சதவீதத்தைத் தாண்டினாலே காரம் அதோடு சேர்ந்து சோப்பாகிவிடுகிறது. சோப்பு ஆலைக்காரர் வேண்டி விரும்பிச் செய்வது இங்கே வேண்டாத விருந்தாளியாக வந்து நிற்கிறது. பயோடீசலும் கிளிசரினும் பிரியாமல் குழம்பிப்போகும். அதைத் தவிர்க்க முன்கூட்டியே கந்தக அமிலத்தால் பக்குவப்படுத்தலாம். ஆனால் கலன் அரிக்கும், கழிவுநீர் பெருகும், செலவும் கூடும். சுருக்கமாகச் சொன்னால், எந்த எண்ணெய் மனிதர் வயிற்றுக்குள் போகவே கூடாதோ அதைத்தான் ஆலையும் வேண்டாம் என்கிறது.

காரத்துக்குப் பதிலாக நொதியை வினையூக்கியாக்கும் நொதிமுறை கவனம் பெற வேண்டியது இந்த இடத்தில்தான். நாம் தின்ற பஜ்ஜியின் கொழுப்பை உடைக்கக் கணையம் சுரக்கும் லைபேஸின் உறவுக்காரர்களே ஆலையில் வேலை பார்க்கும் நொதிகளும். சலவைத்தூளில் எண்ணெய்க் கறையைப் போக்க 1988லேயே இந்தக் குடும்பத்தின் ஒரு நொதி வந்துவிட்டது. பயோடீசலுக்கென்றே உருவாக்கிய திரவ நொதியை டென்மார்க்கின் நோவோசைம்ஸ் நிறுவனம் 2014 இறுதியில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க ஆலைகள் சில அதைப் பயன்படுத்தின. இந்த நொதி கொழுப்பை மட்டுமல்ல, பிரிந்து மிதக்கும் அமிலத்தையும் பயோடீசலாக்கும். சோப்பு உண்டாவதில்லை. கொஞ்சம் ஈரம் இருந்தால் அதற்கு நல்லதே. நாற்பது டிகிரி வெதுவெதுப்பு போதும், நம் ஊர் வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும்.

குறைகளை மறைக்கத் தேவையில்லை. ஓரிரு மணி நேர வேலைக்கு நொதி பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மெத்தனாலை மொத்தமாக ஊற்றினால் சுருண்டுவிடும்; சிறுகச் சிறுகத்தான் கொடுக்க வேண்டும். முடிவில் இரண்டு மூன்று சதவீத அமிலம் மிஞ்சும், அதைத் தனியே நீக்க வேண்டும். பசையாகவே இறுகிப்போன பகுதியை நொதியும் மீட்டெடுக்காது. காய்ச்சி வடிக்கத்தான் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், காஸ்டிக் சோடாவின் விலை எங்கே, நொதியின் விலை எங்கே! வெறும் லிட்டர் கணக்கு போட்டால் தோற்றுப்போகும்.

அந்த லிட்டர் கணக்கு தவறானது என்பதே நம் வாதம். ஓட்டலின் நல்ல எண்ணெயிலிருந்து வரும் ஒரு லிட்டர் பயோடீசலும், டீக்கடை வாணலியிலிருந்து மீட்டெடுத்த ஒரு லிட்டரும் லாரி எஞ்சினுக்கு ஒன்றுதான். பொது சுகாதாரத்துக்கு ஒன்றல்ல. இரண்டாவது லிட்டர் ஒருவர் தட்டில் விழாமல் தப்பியது. அதற்குக் கூடுதல் கொள்முதல் விலை தர வேண்டும், அந்தக் கூடுதலை சுகாதாரச் செலவாகவே அரசு ஏற்க வேண்டும். சந்தையை நம்பி விட்டுவிட்டால் நேர்மாறாகத்தான் நடக்கும். விமான எரிபொருள் தயாரிக்கவும் பழைய எண்ணெய்க்கு இப்போது போட்டி வந்துவிட்டது. 2027இல் பன்னாட்டு விமானங்களில் இத்தகைய எரிபொருளை ஒரு சதவீதம் கலப்பது என்று மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. பெரிய வாங்குவோர் பெரிய சங்கிலி உணவகங்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். தெருமுனை வாணலி தெருமுனையிலேயே இருக்கும்.

50 லிட்டர் வரம்பும் இறங்க வேண்டும். அதற்காகத் தள்ளுவண்டிக்காரரிடம் பதிவேட்டையும் அபராத ரசீதையும் நீட்டுவது கொடுமை, பயனும் தராது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் மாற்றிப் பழகிய ஊர் இது. பழைய எண்ணெயைக் கொடுத்தால் புது எண்ணெயில் தள்ளுபடி என்று கூட்டுறவுப் பண்டகசாலைகள் வழியே ஏற்பாடு செய்தால், கடைக்காரர் தாமாகவே டின்னைத் தூக்கிக்கொண்டு வருவார். புது எண்ணெயையே ‘பழையது’ என்று ஏமாற்றிக் கொடுக்கும் ஆசையும் இதில் வரும். துருவச் சேர்மத்தை நொடிகளில் காட்டும் கைமீட்டரைச் சேகரிப்பாளரிடம் கொடுத்துவிட்டால் அந்தத் தில்லுமுல்லு நடக்காது. கெட்ட எண்ணெய்க்கே அதிகத் தள்ளுபடி என்று கணக்கைத் தலைகீழாகவும் வைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை மட்டும். ஊருக்கொரு சிறு ஆலை என்று கிளம்பிவிடக் கூடாது. நொதி எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும் பக்கத்தில் மெத்தனால் பீப்பாய் நிற்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மாநிலத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மண்டலத்துக்கு ஓர் ஆலை, அங்கே மெத்தனாலுக்குச் சொட்டுக் கணக்கு, எண்ணெய் சேகரிப்பு மட்டும் தெருத்தெருவாக என்பதே சரியான அமைப்பு. முதல் ஆலையைப் பலகாரக் கடைகள் நெருங்கிய ஏதேனும் ஒரு நகரத்தையொட்டித் தொடங்கி, ஓராண்டு வரவு செலவை வெளியிட்டால், நொதி கட்டுப்படியாகுமா என்ற வாதத்தையும் எண்களோடு பேசலாம்.

சேகரிப்பு வண்டி எப்போது வர வேண்டும் என்பதையும் உத்தரவிலேயே எழுதிவிடுவது நல்லது. இரவு கடை கட்டும்போது எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும். ஆறியபின், மறுநாள் மதியத்துக்குள் எடுத்துப்போய்விட வேண்டும். நான்கு மணிக்கு அடுப்பு மறுபடி எரியத் தொடங்கிவிடும்.